புதுப்பிப்பு: சாவி வட்டம் உடைந்தது

கடலூர் முதுநகர் வீட்டின் ஒரே அறையில் நடக்கும் என் உரை விளையாட்டை (பைத்தான் நிரல்மொழியில் எழுதியது, கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆடுவது) முடிக்கவே முடியவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். எதற்கு எது வேண்டும் என்று வெளிக்கதவிலிருந்து பின்னோக்கி அம்புக்குறி போட்டதும் பிழை தெரிந்தது. கதவுச் சாவி பரணில். பரண் இருட்டு, அரிக்கேன் விளக்கு வேண்டும். தீப்பெட்டி மரப்பெட்டிக்குள். பெட்டிச் சாவியும் அதே பரணில்! அதை அரிசிப் பானைக்குள் மாற்றிவிட்டேன். துழாவினால் விரலில் தட்டும்.

அப்புறம், ‘விளக்கை ஏற்று’ என்று தட்டச்சு செய்தால் விளையாட்டுக்குப் புரியாத சிக்கல். கணினி உயிர்க்குறியைத் தனியாகச் சேமிப்பதால், அதற்கு ‘விளக்கு’, ‘விளக்கை’ இரண்டும் ‘விளக்க’ என்றே தொடங்கும்; அதுவரை மட்டும் ஒப்பிடுகிறேன். இந்தச் சொல்லின் வேற்றுமை உருபு எல்லாம் அடங்கிவிட்டது, எவ்வளவு அழகு!

நேற்று ராத்திரி அக்கா விளையாடி முடித்தாள். கதவு திறந்ததும் உப்பனாற்றுக் காற்று வீசும் வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள்.