பீஸ் வாக்கர் (பிஎஸ்பி 3000): அசையாம பதுங்கினாலும் கண்டுபிடிச்சுடறாங்க, உதவி வேணும்

புதுபிஎஸ்பி:
வணக்கம் மக்களே. செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎஸ்பி 3000 (சோனியோட கையடக்க கேம் கருவி) வாங்கி, மெட்டல் கியர் சாலிட்: பீஸ் வாக்கர் ஆடிட்டு இருக்கேன். யுஎம்டிதான், அதாவது பிஎஸ்பியோட சின்ன டிஸ்க். சிக்கோவை மீட்கிற மிஷன்ல மாட்டிக்கிட்டேன். பனனால் ஃப்ரூட்டா டி ஓரோ, அந்த வாழைத் தோட்டத்துப் பக்கம். காவலாளிக்குப் பின்னாடி போய்க் குந்திக்கிட்டு, அவன் திரும்பிப் போகட்டும்னு காத்திருக்கேன். கட்டைவிரலை எடுத்துட்டேன், எதையும் தொடலை. ஆனாலும் அவன் தலைக்கு மேல ஆச்சரியக்குறி வந்துடுது, உடனே அலர்ட்.

எம்கே22 மயக்கத் துப்பாக்கியை எடுத்தா, குறியும் தலைல நிக்க மாட்டேங்குது. உடுப்பு ஜங்கிள் ஃபட்டீக்ஸ், கன்ட்ரோல் (பட்டன் அமைப்பு) ஷூட்டர் டைப். ஆரம்ப மிஷன் எல்லாம் இப்படியே முட்டி மோதித்தான் முடிச்சேன். இந்த கேமே இவ்வளவு கஷ்டமா?

இரவுப்பறவை:
கஷ்டமான கேம்தான், ஆனா நியாயமான கேம் ப்ரோ. முந்தின மெட்டல் கியர் பழக்கத்துல ஆடினா இதுல அடி வாங்குவீங்க. இதுல தவழ்ந்து போக முடியாது. மயங்கினவனை இழுத்துப்போய் ஒளிச்சு வைக்கவும் முடியாது. அதனால ஒருத்தனைத் தூங்க வச்சதும் ஃபுல்டன் பலூனைக் கட்டி மேல அனுப்பிடுங்க. ஆளும் மறைஞ்சான், மதர் பேஸுக்கு (கேம்ல நம்ம தளம்) ஒரு வேலைக்காரனும் கிடைச்சான். (இந்த பலூன் சமாச்சாரம் கற்பனை இல்ல. 1962ல ஆர்க்டிக் பனிப்பாறை மேல சோவியத் கைவிட்டுப் போன ஒரு ஆய்வு நிலையத்துல இருந்து ரெண்டு பேரை சிஐஏ இப்படித்தான் விமானத்துல தூக்கிச்சு.)

பின்னாடி போனா சுடணும்னு கட்டாயம் இல்ல. பக்கத்துல இருந்து துப்பாக்கியை நீட்டினாலே கையைத் தூக்கிடுவான். ஓடாதீங்க, குந்தியே நடங்க. இதுக்கு மேலயும் பிடிபட்டா, ஷூட்டர் டைப்பை மாத்திப் பாருங்க. ஆக்‌ஷன் டைப்ல கேமரா டி-பேடுக்கு (இடது பக்க திசை பட்டன்) வந்துடும். மான்ஸ்டர் ஹண்டர் ஆடிப் பழகின கைன்னா ஹண்டர் டைப்.

சால்டரிங் அண்ணாச்சி:
இரவுப்பறவை சொன்னது எல்லாம் சரி, ஆனா தம்பி எழுதினதுல ஒரு வரி எனக்கு இடிக்குது: "எதையும் தொடலை." கன்ட்ரோல் டைப்பை மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க தம்பி.

முதல்ல, திரையில வலது மேல் மூலையில கேமஃப்லாஜ் சதவீதம் (நீங்க எவ்வளவு மறைஞ்சிருக்கீங்கன்னு காட்டற எண்) ஓடும். புல்லுக்குள்ள குந்திக்கிட்டு, விரலை எடுத்துட்டு, அந்த எண்ணை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்க. நிலையா நிக்குதா, ஏறி இறங்குதா?

அடுத்து, கேமை விட்டு வெளிய வந்து பிஎஸ்பியோட இன்டர்நெட் பிரவுசரைத் திறங்க. வெறும் பக்கம் போதும். அங்க அம்புக்குறியை நகர்த்துறது இடது கட்டைவிரலுக்கு இருக்கிற அனலாக் குமிழ்தான். கையை எடுத்துட்டுப் பாருங்க, அது தானா நகருதான்னு.

புதுபிஎஸ்பி:
அண்ணாச்சி, ரெண்டும் நீங்க நினைச்ச மாதிரியே இருக்கு. எண் ஏறுது, சட்டுனு விழுது, மறுபடி ஏறுது. பிரவுசர்ல அம்புக்குறி இடது ஓரத்தை நோக்கி மெதுவா ஊர்ந்து போய் ஒட்டிக்குது.

சால்டரிங் அண்ணாச்சி:
அப்ப உங்க ஆட்டத்துல குறை இல்ல. அனலாக் ட்ரிஃப்ட், அதாவது தொடாமலே குமிழ் தானா இழுக்கிற கோளாறு. வேற கேம்ல இது பெரிசா தெரியாது. கார் கேம்ல லேசா இழுக்கும், சரி பண்ணிக்கிட்டே ஓட்டிடுவோம். பீஸ் வாக்கர்ல இது கழுத்தறுக்கும். ஸ்னேக் (நீங்க ஆடற ஹீரோ) அசைஞ்சா சதவீதம் இறங்கும், அசையாம குந்தினா ஏறும். குமிழ் தானா இடது பக்கம் தள்ளிக்கிட்டே இருந்தா, உங்க கண்ணுக்குத் தெரியாத அரை அடி நகர்வும் கேமுக்கு நகர்வுதான். காவலாளி திரும்பற நேரமும் எண் விழற நேரமும் ஒத்துப்போனா மாட்டினீங்க. குறி நிக்காததுக்கும் இதேதான் காரணம். ஷூட்டர் டைப்ல கேமராவை △ ○ × □ பட்டன்தான் திருப்புது, அது ஒழுங்கா இருக்கு. ஆனா குறி வைக்கும்போதும் ஸ்னேக் நடக்க முடியும்ல? ஆளே நகர்ந்தா குறியும் நகரும்.

சரி பண்ற வழி. பேட்டரி மூடியைத் திறந்து முதல்ல பேட்டரியைப் பாருங்க. பழைய பிஎஸ்பி பேட்டரி உப்பிக்கிற ரகம். மூடி சரியா உட்காரலன்னா, பேட்டரி மேஜையில வச்சா ஆடுச்சுன்னா, அதை இனி போடவே வேண்டாம். குத்தவோ அமுக்கவோ கூடாது. 3000க்கு 1200 எம்ஏஎச் பேட்டரி. 1000 மாடலோட 1800 எம்ஏஎச் பேட்டரி தடிமன், அதை வச்சா மூடி மூடாது.

பேட்டரியைக் கழட்டின பிறகுதான் ஸ்க்ரூ. பின்பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் எடுத்துட்டு முன் கவரை இழுக்காதீங்க, பேட்டரி அறைக்குள்ளயும் ஸ்க்ரூ இருக்கு, ஒண்ணு ஸ்டிக்கருக்கு அடியில. திரையோட ரிப்பன் கேபிள் ரொம்ப மென்மை, அதுகிட்ட அவசரம் ஆகாது. இடது பக்கம் குமிழோட மாட்யூல் இருக்கும். அதுக்கும் போர்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு ரப்பர் துண்டு, அதுலதான் மின்தொடர்பு. அதுல விரல் பிசுக்கும் தூசியும் சேர்ந்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை பஞ்சுல தொட்டு ரப்பரையும் போர்டுல அது படற தங்க நிறப் புள்ளிகளையும் துடைங்க, நல்லா காயட்டும். அப்பவும் இழுத்தா மாட்யூலையே மாத்துங்க. 1000க்கு வேற பார்ட். கடைக்காரர்கிட்ட மாடலைச் சொல்லிக் கேளுங்க.

கை பழக்கம் இல்லன்னா மொபைல் ரிப்பேர் பண்றவர்கிட்ட இதைக் காட்டுங்க, போதும்.

தோட்டா_இல்லாதவன்:
திறக்கிறதுதான் திறக்கறீங்க, வலது பக்க பட்டன் ரப்பரையும் துடைச்சுடுங்க, முக்கியமா △. கதையைச் சொல்லிக் கெடுக்கல. பின்னாடி ஒரு இடத்துல △ பட்டனை விடாம தட்டித் தாக்குப்பிடிக்கணும். நல்ல நிலையில இருக்கிற பிஎஸ்பியிலயே அது விரலைப் பதம் பார்க்கும்.

சரியாகலன்னா இன்னொரு வழி, பிஎஸ்பிக்கு அடுத்து வந்த பிஎஸ் வீட்டா. அதுல பிஎஸ்பி கேமுக்கு வலது ஸ்டிக்கை △ ○ × □ பட்டன்களா வேலை செய்ய வைக்கலாம். ஷூட்டர் டைப்போட அது அச்சா பொருந்தும், ரெண்டு ஸ்டிக் கேம் மாதிரியே ஆயிடும். ஆனா வீட்டாவுல யுஎம்டி போட இடம் இல்ல, டவுன்லோட் பதிப்பு வேணும். வீட்டாவுக்கு வந்த மெட்டல் கியர் சாலிட் எச்டி கலெக்‌ஷன் டிஸ்கவுன்ட்ல கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. அதுல மெட்டல் கியர் சாலிட் 2ம் 3ம் உண்டு, பீஸ் வாக்கர் இல்ல.

புதுபிஎஸ்பி:
தெருமுனை மொபைல் கடை அண்ணன் துடைச்சுக் குடுத்துட்டார், மாட்யூல் மாத்த வேண்டி வரல. குந்தினா எண் அப்படியே நிக்குது! சிக்கோவை மீட்டாச்சு, ஒரு அலர்ட்கூட இல்ல. அண்ணாச்சிக்குக் கோடி நன்றி.

இன்னொரு சந்தேகம். கவச வண்டி சண்டையை ராக்கெட் அடிச்சுத்தான் முடிச்சேன். வண்டியையே பிடிக்கலாம்னு கேம்ல ஸ்னேக்கோட கூட்டாளி காஸ் சொல்றாரே, எப்படி?

இரவுப்பறவை:
வாழ்த்துகள் ப்ரோ! வண்டியை அடிக்காதீங்க, வெடிச்சா போச்சு. கூட வர்ற காலாட்கள் எல்லாரையும் மயக்கி பலூன்ல அனுப்புங்க. ஆள் யாரும் மிச்சம் இல்லன்னதும் வண்டித் தலைவன் மூடியைத் திறந்து வெளிய வருவான். அவனைத் தூங்க வச்சா வண்டி உங்களுது. ஒரு தோட்டாவுல விழமாட்டான், அதனால கூட்டத்துக்கே எல்லாத்தையும் சுட்டுத் தீர்த்துடாதீங்க. தீர்ந்துட்டா சப்ளை மார்க்கரை வீசுங்க, பெட்டி மேல இருந்து வரும். பெட்டி விழற இடம் சுவருக்குப் பின்னாடி இருக்கட்டும், எடுக்கப் போகும்போது வண்டியோட துப்பாக்கி உங்க பக்கம்தான் திரும்பியிருக்கும்.

முடிச்ச மிஷனைத் திரும்ப ஆடலாம். முதல்ல அந்தக் கவச வண்டியையே பிடிங்க, டி-72 டாங்கியும் மி-24 ஹெலிகாப்டரும் அப்புறம். பிடிச்ச வண்டிகளை அவுட்டர் ஆப்ஸுக்கு (நம்ம படையைத் தனியா சண்டைக்கு அனுப்பற பகுதி) அனுப்பலாம். பக்கத்துல இன்னொரு பிஎஸ்பியும் டிஸ்க்கும் வச்சிருக்கிற நண்பர் இருந்தா, டபிள்யூலேன் (வயர்லெஸ்) சுவிட்சைப் போட்டுச் சேர்ந்து ஆடுங்க. ஒருத்தர் காலாட்களைப் பார்த்துக்கிட்டா இன்னொருத்தர் மூடி மேலயே குறி வச்சுக் காத்திருக்கலாம்.