செங்கோடன் வகையறா

வியாழக்கிழமை

6:05 | வாழப்பாடி அத்தை
எல்லாருக்கும் காலை வணக்கம். ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறை போக வேன் பேசியாச்சு. முன்னோர் பெயர்களை யாராவது வரிசையாக எழுதிப் போடுங்கள். போன வருஷம் ஐயர் கேட்டபோது மூன்று தலைமுறைக்கு மேல் சொல்ல வராமல் நின்றோம். எனக்கு அது இன்னும் மனசிலேயே இருக்கிறது.

6:21 | பெரியப்பா
அப்பா பொன்னுசாமி. தாத்தா செங்கோடன். அவருக்கு அப்பா பொன்னன். பொன்னனுக்கு அப்பா மறுபடியும் செங்கோடன். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வீடு, அதனால் ஒன்றுவிட்டு ஒன்று அதே பெயர்தான் வரும். பொன்னனுடன் பிறந்தவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது.

6:40 | பிரபு அண்ணன்
அப்பா, பழைய வீட்டில் ஓடு மாற்றியபோது பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் ஒரு பத்திரம் இருந்ததே? அதைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

6:52 | பிரபு அண்ணன்
புகைப்படம்
புகைப்படம்

7:10 | யாழினி
அண்ணா, பெரிதாக்கிப் பார்த்தேன். விக்டோரியா ராணி தலை போட்ட முத்திரைத் தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது. ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்லை, காலும் ரகரமும் ஒரே மாதிரி தெரிகிறது. பெரியப்பா, உங்களால் வாசிக்க முடிகிறதா?

7:58 | பெரியப்பா
வி.ஏ.ஓ. வேலையில் இந்த மாதிரி எழுத்து நிறையப் பார்த்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். பாகப்பிரிவினைப் பத்திரம். கர வருஷம், 1891. செங்கோடன் மக்கள் பொன்னன், முத்தன் இருவரும் எழுதிக்கொண்டது. கீழே இரண்டு பேரின் கைக்கீறலும் இருக்கிறது.

இனிமேல்தான் விஷயம். மேட்டுக்காட்டுக்கு மேற்கே புளியமரத்துடன் உள்ள பூமியைப் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். தாது வருஷத்தில் தேசாந்திரம் போன தம்பி சடையன் வந்தால் அது அவனைச் சேரும் என்று எழுதியிருக்கிறது.

8:03 | ஏற்காடு சித்தப்பா
அண்ணா!! அது நம் சடையங்காடு!

8:04 | வாழப்பாடி அத்தை
சடைமுனி சாமி இருந்த காடு, அதனால் சடையங்காடு என்றுதானே நமக்குச் சொன்னார்கள்? சின்ன வயசில் அந்தப் புளியமரத்தடியில் விளக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

8:15 | பெரியப்பா
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்றைக்கும் அது கூட்டுப் பட்டாதான். ஏன் யாரும் பிரிக்கவில்லை என்று வேலையில் இருந்த காலத்திலேயே யோசித்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழு வருஷம் தகவலே இல்லாத ஆளை இறந்தவராகக் கொள்ளலாம் என்று 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டம் 108-வது பிரிவிலேயே இருந்தது. இந்தப் பத்திரம் எழுதும்போது சடையன் போய்ப் பதினான்கு பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. சட்டப்படி இரண்டு பேரும் பங்கு போட்டிருக்கலாம். போடவில்லை.

8:16 | வாழப்பாடி அத்தை
அண்ணா, படிக்கும்போதே கண் கலங்குகிறது.

8:31 | யாழினி
தாது வருஷம் என்றால் 1876-77. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும் (அடுத்த தாது 1936), அதனால் வருஷப் பெயரை மட்டும் நம்பினால் அறுபது வருஷம் தவறிவிடும். பத்திரம் 1891 என்பதால் நமக்குச் சந்தேகமில்லை. தாது வருஷப் பஞ்சம்தான்.

8:40 | பெரியப்பா
அந்தப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். 1881-இல் 16 லட்சத்தைத் தொடவில்லை. நிவாரண வேலைக்குப் போன ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலி. கஞ்சித்தொட்டியில் வரிசை. மூன்று அண்ணன் தம்பி இருந்த வீட்டில் ஒருவர் கிளம்பியது ஆச்சரியமில்லை.

9:02 | ஏற்காடு சித்தப்பா
"மலைக்குப் போனவர்" என்று ஒருவரைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏற்காடு என்றுதான் நினைத்தேன். காக்பர்ன் கலெக்டர் 1820 வாக்கில் இங்கே காபி கொண்டுவந்ததிலிருந்து கீழ்நாட்டு ஆட்கள் மலையேறி வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் ஏற்காடு மலையில் இருந்தால் ஒரு தீபாவளிக்காவது இறங்கி வந்திருப்பார். தேசாந்திரம் என்று எழுதியிருக்கவே மாட்டார்கள்.

9:05 | யாழினி
சரியான பேச்சு சித்தப்பா. இன்று இரவு தேடிப் பார்க்கிறேன்.

இரவு

10:47 | யாழினி
பார்த்தவரைக்கும் சொல்கிறேன், நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

ஜனத்தொகைக் கணக்கில் தேடிப் பயனில்லை. எண்ணிக்கைதான் அச்சானது. வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள்கள் நமக்குக் கிடைக்காது. கோயில் தலைக்கட்டு வரி நோட்டிலும் ஊரில் இருக்கிற ஆண் தலைக்கட்டு மட்டும்தான். ஊரை விட்டுப் போன அன்றைக்கே அவர் ஊர்க் கணக்கிலிருந்தும் போய்விட்டார். அதனால் அவர் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

ஃபிஜிக்கு மதராஸிலிருந்து ஆள் ஏற்றியது 1903-க்குப் பிறகு. அது இல்லை. மொரிசியஸ் இருக்கலாம். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமே உண்டு. நேட்டால், அதாவது தென்னாப்பிரிக்கா, அதுவும் இருக்கலாம். முதல் கப்பல் ட்ரூரோ, மதராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1866-இல் ஆள் எடுப்பது நின்று 1874-இல் மறுபடி ஆரம்பித்தது, நம் பஞ்சத்துக்குச் சரியாக முன்னால். 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கிறார்கள். 1862-லேயே மதராஸ் - பேப்பூர் ரயில் பாதை முடிந்துவிட்டது. சூரமங்கலத்தில் ரயில் ஏறினால் கூலிகளைக் கப்பலேற்றுகிற மதராஸ் டிப்போ.

11:02 | யாழினி
அந்த நேட்டால் கப்பல் பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். இங்கே ஒரு வரியும் இல்லாத மனிதர்களுக்கு அங்கே புருவத்துத் தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சேலம் ஜில்லா என்றால் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது, அதையும் மறந்துவிடாதீர்கள். ஆள் சேர்க்கிற கங்காணி வந்து கூட்டிக்கொண்டு போன கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கைக்கு, இந்த மாதிரி ஆள்வாரிப் பட்டியல் இல்லை. அங்கே போயிருந்தால் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

11:20 | பிரபு அண்ணன்
யாழினி!! நீ அனுப்பிய பட்டியலில் இப்போதுதான் பார்த்தேன். பஞ்சத்துக்கு அடுத்த வருஷக் கப்பல். பெயர் சடையன். அப்பா பெயர் செங்கோடன். வயது 24. ஜில்லா சேலம், தாலுகா ஆத்தூர், கிராமம் "பாலியம்". நம் பெத்தநாயக்கன்பாளையம்தான்! அப்போது அது ஆத்தூர் தாலுகாவேதான்!

11:22 | ஏற்காடு சித்தப்பா
கடவுளே.

பிரபு அண்ணன் குழுவின் பெயரை "செங்கோடன் வகையறா, சேலம் - டர்பன்" என மாற்றினார்

11:30 | பிரபு அண்ணன்
கவுண்டர் பட்டம் அங்கே கோவெண்டர் ஆகிவிட்டதாம், முதலியார் மூட்லி ஆகிவிட்டது. டர்பனில் உள்ள கோவெண்டர் குடும்பங்களுக்குக் காலையிலேயே எழுதப் போகிறேன்.

11:41 | பெரியப்பா
பிரபு, கொஞ்சம் பொறு. சேலம் பக்கம் செங்கோடனும் சடையனும் தெருவுக்கு நாலு பேர். பாளையம் என்று முடிகிற ஊர் எத்தனை? எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். இன்னொரு வீட்டுப் பிள்ளையை நம் பிள்ளை என்று சொல்லிவிட்டால், அவர்களும் தேடிக்கொண்டிருப்பார்களே, அவர்களுக்குச் செய்கிற துரோகம் அது.

வெள்ளிக்கிழமை

5:48 | வாழப்பாடி அத்தை
ராத்திரி தூக்கமே இல்லை. இருபத்து நாலு வயசு என்றால் கல்யாணம் ஆகியிருக்குமே. அவர் வீட்டுக்காரி பெயர் என்ன? பத்திரத்தில் இருக்கிறதா அண்ணா?

6:10 | பெரியப்பா
இல்லையம்மா. பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

6:12 | வாழப்பாடி அத்தை
அம்மாவிடம் கேட்டுப் பேச்சை அப்படியே பதிந்து போடுகிறேன். இப்போது காபி குடித்துக்கொண்டு தெளிவாக இருக்கிறார்.

6:35 | வாழப்பாடி அத்தை
குரல் செய்தி (2:14)

6:44 | யாழினி
மூன்று முறை கேட்டுவிட்டேன் அத்தை. அப்பாயி குரலை எழுத்திலும் போட்டு வைக்கிறேன், அழிந்துவிடக் கூடாது:

"என் மாமியா சொல்லும் கண்ணு. பொன்னன் தாத்தாவுக்கும் அந்தத் தம்பிக்கும் அக்கா தங்கச்சியைத்தான் கட்டுனாங்க. ஒரே பந்தல்ல கல்யாணம். தங்கச்சி பேரு பாவாயி. பஞ்சத்துல புருஷனோட அவளும் போயிட்டா. அக்காகாரி சாகிற வரைக்கும் வாசப்படியில உக்காந்து தெக்கு ரோட்டையே பார்த்துட்டு இருக்குமாம். அதான் பொறந்த பொண்ணுக்குத் தங்கச்சி பேரு வெச்சுது. அந்தப் பேரை விடக் கூடாதுன்னு என் மாமியா என்கிட்டக் கை அடிச்சு வாங்குச்சு."

6:46 | வாழப்பாடி அத்தை
என் பெயர்தான்.

6:46 | வாழப்பாடி அத்தை
உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு வீட்டில் வைத்த பெயர் பாவாயி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பட்டிக்காட்டுப் பெயராக இருக்கிறது என்று மாற்றிவிட்டார்கள். எனக்கே அந்தப் பெயர் பிடிக்காது. யாராவது கூப்பிட்டால் சண்டை போடுவேன். அறுபத்தியொரு வருஷமாக அவள் பெயரை நான்தான் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

6:50 | ஏற்காடு சித்தப்பா
அக்கா, அழாதீங்க. தாத்தாவின் அக்காவுக்கும் பாவாயி என்றுதான் பெயர், மல்லூரில் கட்டிக்கொடுத்தவர். நாம் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

7:05 | யாழினி
பிரபு அண்ணா, அந்தப் பட்டியலை மறுபடி திறந்தேன். புருஷன் பொண்டாட்டியை அடுத்தடுத்த எண்ணில்தான் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன சடையனுக்கு அடுத்த வரியில், மனைவி என்று குறித்து காமாட்சி, வயது 19.

7:19 | பிரபு அண்ணன்
பார்த்தேன். ஆமாம்.

7:20 | பிரபு அண்ணன்
அவர் நம் ஆள் இல்லை.

பிரபு அண்ணன் குழுவின் பெயரை "செங்கோடன் வகையறா" என மாற்றினார்

7:26 | பெரியப்பா
நல்ல வேளை, யாருக்கும் எழுதவில்லை. வருத்தப்படாதே. அந்தக் காமாட்சியையும் ஒரு வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

7:40 | யாழினி
இனிமேல் சடையன் என்று தேட மாட்டேன், ஆயிரம் சடையன் வருகிறார்கள். சடையனுக்குப் பக்கத்தில் ஒரு பாவாயி இருக்கிறாளா என்றுதான் பார்ப்பேன். முதலில் நேட்டால் பட்டியல் முழுவதும். பெயர்த்து எழுதியவர்கள் தவறாக வாசித்திருக்கலாம் என்பதால் மூலப் பதிவேட்டின் படத்தையும் கேட்க வேண்டும். அப்புறம் மொரிசியஸுக்குக் கடிதம். அங்கேயும் இல்லை என்றால் கண்டி என்று எடுத்துக்கொண்டு, 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களில் விசாரிக்க வேண்டும். நம் ஜில்லா ஆட்கள் அங்கே நிறையப் போயிருக்கிறார்கள்.

7:48 | ஏற்காடு சித்தப்பா
இங்கே எஸ்டேட்டில் வயசான ஒரு பெரட்டுக் கங்காணி இருக்கிறார். அவர் குடும்பம் கண்டியிலிருந்து வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் லயத்துக்குப் போய்க் கேட்கிறேன்.

8:02 | வாழப்பாடி அத்தை
டர்பனில் இந்த ஆடி மாசத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாமே, யாழினி அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். அந்தப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கிற விதம் நம் கோட்டை மாரியம்மன் கோயிலில் பார்ப்பது போலவே இருக்கிறது. நம் ஆளோ இல்லையோ, எனக்கு அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

அண்ணா, ஒரு கேள்வி. எங்கே, என்றைக்குப் போனார்கள் என்று தெரியாமல் கூடுதுறையில் பெயர் சொல்லலாமா?

8:15 | பெரியப்பா
ஐயரிடம் கேட்டுவிட்டேன். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசைதானாம். தாராளமாகச் சொல்லலாம் என்றார். பட்டியலை எழுதிவிட்டேன்:

செங்கோடன்
பொன்னன்
முத்தன்
சடையன்
பாவாயி
செங்கோடன்
பொன்னுசாமி

8:17 | வாழப்பாடி அத்தை
பொன்னன் தாத்தாவின் வீட்டுக்காரி? வாசப்படியில் உட்கார்ந்திருந்தவள்? அவள் பெயர் இல்லையே அண்ணா.

8:18 | பெரியப்பா
ஐயோ. விட்டுவிட்டேன். எனக்கும் தெரியவில்லை, அம்மாவைக் கேள்.

8:33 | வாழப்பாடி அத்தை
நல்லாயி. சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கச்சிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வேன் சரியாக மூன்று மணிக்குக் கிளம்பும், யாரும் தாமதம் செய்யாதீர்கள். எள்ளும் வாழை இலையும் நான் கொண்டு வருகிறேன்.