இரண்டு கொம்பியூட்டருக்கு நடுவில் ஒரு யூ.எஸ்.பி. கேபிள்: பட்டவர்கள் சொல்லுங்கோ

கொக்குவில், அச்சுக்கடை:

எங்கள் கடையில் கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், மரணச் சடங்கான அந்தியேட்டிக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் எல்லாம் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. மெஷினில்தான் கிடந்தன. ஆண்டுத்திவசம் வந்தால் அதே படத்தைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். அதனால் ஒன்றையும் அழிக்க ஏலாது. புது மெஷின் வந்ததும் முழுவதையும் ஒரேயடியாக மாற்றலாம் என்று இரண்டு கணினியை நேரே இணைக்கிற ஒரு யூ.எஸ்.பி. டேட்டா லிங்க் கேபிள் வாங்கினேன்.

கேபிளின் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டி இருக்கும். விஷயமே அதற்குள்தான். யூ.எஸ்.பி.யில் ஒரு பக்கம் கட்டளை போடும் கணினி, மறுபக்கம் அதற்கு அடங்கும் கருவி என்று இருக்கவேண்டும். இரண்டுமே கணினி என்றால் இரண்டும் அதிகாரம் பண்ணும், ஒன்றும் நடக்காது. கட்டிக்குள் இருக்கும் சிப் இரண்டு பக்கத்துக்கும் தன்னைக் கருவியாகக் காட்டி, தரவைக் கைமாற்றிவிடுகிறது.

கேபிளோடு வந்த சீடியைப் பழைய மெஷினில் போட்டதும் பிடித்துக்கொண்டது. புதியதில், பூட்டிய கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரைத் திறந்தால் மஞ்சள் ஆச்சரியக்குறி. சீடியில் இருந்த டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், 32 பிட்; புது விண்டோஸ் 64 பிட். எத்தனை தரம் ரீஸ்டார்ட் பண்ணினாலும் அது ஏறாது. மஞ்சள் குறியில் ரைட் கிளிக் பண்ணி, புரொப்பர்டீஸில் ஹார்ட்வெயார் ஐடியைப் பார்த்தேன். 067பி என்று இருந்தது. அது புரொலிஃபிக் கம்பனியின் இலக்கம். பெட்டியில் அச்சடித்த பெயரை விட்டுவிட்டு, சிப்பின் பெயரில் தேடியபிறகுதான் சரியான டிரைவர் அகப்பட்டது.

அப்புறம் வேகம். யூ.எஸ்.பி. 2.0 என்றால் விநாடிக்கு 480 மெகாபிட், பழைய 1.1 என்றால் வெறும் 12. பழைய மெஷினின் போர்ட்டில் 2.0 இருந்தும் எக்ஸ்.பி.யில் சர்வீஸ் பேக் என்ற மேம்படுத்தலைப் போடாததால் 1.1 வேகத்திலேயே ஓடியது. ஒரு ஜிபி போக இருபது நிமிடம் பிடிக்கும். இடையில் தொடர்பு அறுந்து அறுந்து வந்தது வேறு. பவர் ஒப்ஷன்ஸில் ஸ்லீப்பையும், சும்மா இருக்கும் கருவியை உறங்கவைக்கும் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்தி, முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் சொருகினேன். அதோடு அடங்கியது. கரண்ட் போகும் என்ற பயத்தில் ஃபோல்டர் ஃபோல்டராகவே அனுப்பினேன்.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒரு கண்ணீர் அஞ்சலியைத் திறந்தால் தமிழே இல்லை! ஆங்கில எழுத்துகள், புள்ளி வைத்த மெய்யெழுத்து வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துரு புது மெஷினில் இல்லை, அவ்வளவுதான். ஃபைல் கெட்டுப்போனது என்று அழித்துவிடாதேயுங்கோ. பழைய மெஷினின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் கொண்டுபோனால் எழுத்து திரும்பிவிடும்.

ஸ்ரான்லி வீதி, திருத்தும் கடை:

அண்ணை சொன்ன அந்தக் கட்டி இல்லாத கேபிளோடு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். இரண்டு முனையும் ஒரே தட்டை ஆண் முனை, நடுவில் ஒன்றுமில்லை. விலை குறைவு என்று எங்கேயோ வாங்கி, "தம்பி, இது வேலை செய்யேல்லை" என்று மேசையில் போடுவார்கள். வேலை செய்யாதது நல்லதுக்குத்தான். இரண்டு கணினியும் ஆளுக்கு 5 வோல்ட் அனுப்புகின்றன. அவை நேருக்கு நேர் முட்டினால் போர்ட் போகலாம், சிலநேரம் மதர்போர்டே போகலாம். அந்த வகைக் கேபிள் லப்டொப் கூலர், சில ஹார்ட் டிஸ்க் பெட்டி போன்றவற்றுக்கு. தயவுசெய்து இரண்டு கணினிக்கு நடுவில் சொருகிப் பார்க்கவேண்டாம்.

இன்னொன்று: சில லிங்க் கேபிளில் மென்பொருள் சீடியில் வராது, கேபிளுக்குள்ளேயே இருக்கும். சொருகியதும் மை கொம்பியூட்டரில் ஒரு சீடி டிரைவ் மாதிரித் தோன்றும். தானாக ஓடாவிட்டால் அதைத் திறந்து கையால் ஓடவிடுங்கோ, இரண்டு பக்கமும். ஒரு பக்கத்தில் மட்டும் ஓடவிட்டு, "மற்றது தெரியேல்லை" என்று நின்றவர்கள் ஏராளம்.

சாவகச்சேரி, ஆசிரியை:

எனக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் வேண்டாம் என்று மகன் ரவுட்டரோடு வந்த லேன் கேபிளையே எடுத்து என் இரண்டு லப்டொப்புக்கும் நடுவில் சொருகிவிட்டான். இப்போதைய மெஷின்களுக்கு அதற்கென்று குறுக்குக் கேபிள் தேவையில்லையாம். ஐ.பி. முகவரி ஒன்றுக்கு 192.168.5.1, மற்றதற்கு 192.168.5.2, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. ஃபோல்டரை ஷெயார் பண்ணி, நெட்வேர்க்கைப் பிரைவேட் என்று மாற்றியதும் திறந்தது. பிள்ளைகளின் வினாத்தாள், விளையாட்டுப்போட்டி வீடியோ எல்லாம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் போய்விட்டன. கேபிள் காசு மிச்சம்.

கொக்குவில், அச்சுக்கடை:

ரீச்சர், இரண்டும் புது விண்டோஸ் என்றால் நீங்கள் சொல்வதுதான் சுகம், நானும் அதையே செய்வேன். எக்ஸ்.பி.க்குத்தான் இடிக்கும். அதற்குத் தெரிந்தது எஸ்.எம்.பி. 1 என்ற பழைய பகிர்வு முறை மட்டும். 2017இல் வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போட்டால் அந்த முறை முழுதாகச் சேர்ந்து வருவதில்லை. பாதுகாப்புக் குறைபாட்டால் நிறுத்தினார்கள், திரும்பப் போடுவதும் புத்தியில்லை. பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் கட்டியுள்ள கேபிளைத் தேடுங்கோ, இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூ.எஸ்.பி. அடாப்டரில் போடுங்கோ. தம்பி, அகல நாடாக் கேபிளில் பூட்டும் பழைய ஐ.டி.ஈ. டிஸ்க்குக்குப் பொருந்துகிற அடாப்டர் உங்கள் கடையில் இருக்கிறதா? இன்னொரு மெஷின் மிச்சம் கிடக்கிறது.