மாடித் தோட்ட மண் கலவை: தக்காளி சாண் உயரத்திலேயே நின்னுபோச்சு, எங்கே தப்பு?

மடிப்பாக்கம் மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பல மாசமா படிச்சுட்டுப் போறவதான், எழுதறது இது முதல் தடவை.

மடிப்பாக்கத்தில் தனி வீடு. பங்குனியில் செடி வளர்க்கற பை, அதாவது க்ரோ பேக், 24 வாங்கினேன், எல்லாம் 12க்கு 12 அங்குலம். தக்காளி (பி.கே.எம்.1 ரகம்), மிளகாய், கத்தரி, கொஞ்சம் கீரை. ரசாயன உரம் ஒரு சிட்டிகைகூடப் போடறதில்லைன்னு தீர்மானம். கலவை இதுதான்: ரெண்டு பங்கு கோகோபீட் (தென்னை நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம், அரைப் பங்கு செம்மண், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஒரு வீடியோவில் பார்த்து அப்படியே செஞ்சேன். கோகோபீட் 5 கிலோ கட்டிகளைத் தொட்டியில் போட்டுத் தண்ணி ஊத்தினேன், பொங்கி வந்தது, உதிர்த்துக் கலந்து அன்னைக்கே நாத்து நட்டாச்சு.

இப்போ ஆனி பிறந்தாச்சு. தக்காளி ஒரு சாண் தாண்டலை. அடி இலை வெளிறி மஞ்சள், நுனியெல்லாம் பீடி பத்த வெச்ச மாதிரி கருகியிருக்கு. தண்ணி விட்டால் அடியில் டீ டிகாக்‌ஷன் கலரில் வருது. பை ஓரத்தில் வெள்ளையா உப்புப் பூத்திருக்கு.

வெயில்னு சொல்லாதீங்க. என் மாமியார் ஒரத்தநாட்டுக்காரங்க. நான் மிச்சம் வெச்ச நாத்துல ஒண்ணை எடுத்து, பழைய பெயிண்ட் டப்பாவில் வீட்டுக்குப் பின்னாடி இருந்த மண்ணையும் மக்கின சாணியையும் போட்டு நட்டாங்க. அதே மாடி, அதே வெயில், அதே போர் தண்ணி. அது என் இடுப்பளவு வளர்ந்து பூ வெச்சிடுச்சு. தினமும் காலையில் அதுக்குத் தண்ணி ஊத்தும்போது என்னை ஒரு பார்வை பார்க்கறாங்க.

ஆடிப் பட்டத்துக்குள்ள இதைச் சரி பண்ணணும். இருக்கிற கலவையைக் காப்பாத்த முடியுமா, இல்லை கொட்டிட்டுப் புதுசா வாங்கணுமா? கடையில் ரெடிமேடா விக்கிற ஆர்கானிக் பாட்டிங் மிக்ஸ் நல்லதா?

பால்கனி மூணுக்கு ஆறு எழுதியது:

தழைச்சத்து (நைட்ரஜன்) குறைங்க. பஞ்சகவ்யம் 3 சதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, சாயங்காலமா இலையில் தெளிங்க. பத்து நாளுக்கு ஒரு தடவை. வேருக்கு ஜீவாமிர்தம் (சாணி, கோமியம் புளிக்க வெச்ச கரைசல்) ஊத்துங்க. பச்சை திரும்பிடும்.

நார்மில் பழனிச்சாமி எழுதியது:

பஞ்சகவ்யம் தெளிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் இருங்க. நோய் என்னன்னு பார்த்துட்டு மருந்துக்குப் போலாம்.

நான் பொள்ளாச்சிப் பக்கம். பதினோரு வருசம் ஒரு நார் மில்லுல வேலை பார்த்தேனுங்க. நீங்க கோகோபீட்டுங்கறதை நாங்க நார்த்தூள்ம்போம், மஞ்சிக் கழிவும்போம். மட்டையை அடிச்சு நாரைப் பிரிச்சா மிச்சம் விழறது அதுதான். ஒரு காலத்துல அது எங்களுக்குத் தொல்லை, ரோட்டோரமா மலை மாதிரி குமிச்சு வெச்சிருப்போம். இப்போ அதைக் கப்பல்ல ஏத்தறாங்க.

விசயம் என்னன்னா, தூள்ல இயற்கையாவே சோடியம், குளோரைடு, பொட்டாசியம் எல்லாம் தூக்கலா இருக்கும். வெளிநாட்டுக்குப் போறதை நல்ல தண்ணில அலசி, மீட்டர் வெச்சுப் பார்த்துத்தான் அனுப்புவாங்க. அலசாததும் அதே மாதிரிக் கட்டியாத்தான் வரும். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு. நீங்க ஊற வெச்சீங்க, சரி, அலசினீங்களா? டிகாக்‌ஷன் கலர் தண்ணியும் வெள்ளைப் பூப்பும் அலசலைன்னுதான் சொல்லுது. அது மேல உங்க போர் தண்ணி. மண்ணுல ஊத்தினா மண்ணு கொஞ்சம் தாங்கிக்கும். பையில ஊத்தினா உப்பு அங்கேயே சேர்ந்துட்டே போகும்.

ரெண்டாவது மஞ்சள். பச்சைத் தூள்ல கரிமம் ஏகத்துக்கு, தழைச்சத்து துளி. நூறு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்துங்கற கணக்கையே தாண்டும். அதைத் திங்கற நுண்ணுயிரு தனக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடிகிட்ட இருந்துதான் புடுங்கிக்கும். நீங்க போட்ட மண்புழு உரம் முதல்ல தூளுக்குத்தான் சோறு போட்டிருக்கு, செடிக்கு இல்லை. மக்கின தூள்னா இந்தச் சிக்கல் இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்து முறையில சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காப் போட்டு மக்க வைப்பாங்க. யூரியா வேண்டாம்னா கோழி எரு. மக்கினது கறுத்துப்போய், கையில அமுக்கினா ஸ்பாஞ்சு மாதிரி துள்ளாம மண்ணு மாதிரி உக்காந்துக்கும்.

ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. செத்த செடி ஒண்ணைப் பையோட சாச்சு, வேரைக் கையால பிரிச்சுப் பாருங்க. அப்புறம் பேசலாம்.

மடிப்பாக்கம் மொட்டைமாடி எழுதியது:

பார்த்தேன் அண்ணா. பைக்குள்ள கை விட்டால் நடுவில் ஒரு துண்டு, என் உள்ளங்கை அளவு, ஊறாத கட்டி! மில்க் பிஸ்கட் மாதிரி அப்படியே கெட்டியா. உடைச்சா உள்ளே காய்ஞ்ச தூள். வேர் அதைச் சுத்திப் போய் திரும்பி வந்திருக்கு, உள்ளே நுழையவே இல்லை. வேர் நுனியெல்லாம் பழுப்பு. புது வெள்ளை வேரே கண்ணுல படலை.

நான் அலசவே இல்லை. வீடியோவில் சொல்லவும் இல்லை.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

இதுக்குத்தான் நான் தலைப்பாடா அடிச்சுக்கிடுதேன். மண்ணு இல்லாம என்னத்தச் செடி? தென்னந்தூள்ல செடி வளக்கது பஞ்சு மெத்தையில சோறு பொங்குத மாதிரி. உங்க மாமியார் செஞ்சதுதான் சரி. வண்டல், செம்மண்ணு, மக்குன தொழு உரம், அம்புட்டுதான். 30 வருசமா எங்க வீட்டு மாடியில அதுதான் ஓடுது.

ஆனா தொழு உரம் மக்கியிருக்கணும், அதுல நானே ஒருக்க மாட்டிக்கிட்டேன். மாட்டுக்காரர் நல்லா காஞ்ச எருன்னு ஒரு சாக்கு கொண்டாந்து போட்டாரு. காஞ்சதும் மக்கினதும் ஒண்ணுல்ல, அப்ப எனக்கு அது ஓடல. கத்தரி நல்லா வந்துகிட்டு இருந்தது, ஒரு நாள் மத்தியானம் பொத்துன்னு சாஞ்சிட்டு. தூக்குனா வேரே இல்ல, கையோட வருது. பையக் கொட்டுனா வெள்ளப் புழு, பிறை மாதிரி சுருண்டு, சுண்டுவெரல் தண்டி, ஒரே பையில ஒம்பது. அன்னைக்கு எங்க வீட்டுக் கோழிக்கு விருந்து. இப்பல்லாம் எருவை நிழல்ல குமிச்சு, மாசத்துக்கு ஒருக்கப் புரட்டிவிட்டு, அப்புறம் சல்லடையில சலிச்சுத்தான் பைக்குள்ள போடுதேன்.

நார்மில் பழனிச்சாமி எழுதியது:

அண்ணாச்சி சொல்ற புழு சமாச்சாரம் நூத்துக்கு நூறு. மண்ணு சமாச்சாரத்துல மட்டும் கொஞ்சம் மாறுபடறேனுங்க.

12க்கு 12 பையில மேல ரெண்டு அங்குலம் விட்டா ஒரு 18 லிட்டர் பிடிக்கும். முழுக்க மண்ணாப் போட்டுத் தண்ணி விட்டா பை ஒண்ணு 30 கிலோ பக்கம் வந்துடும். 24 பைக்குக் கணக்குப் போடுங்க, முக்கால் டன்னுக்குப் பக்கம். பழைய கட்டடமா இருந்தா வயித்தைக் கலக்கும். சுவத்தோரமா, பீம் மேல வரிசையா வெச்சா அது வேற. இன்னொண்ணு, பையில வெறும் செம்மண்ணு ரெண்டு மூணு மாசத்துல இறுகிப் போயிரும். மேல தண்ணி நிக்கும், ஓரமா இறங்கி ஓடியிரும், நடுவுல காஞ்சு கிடக்கும். தூளு வேணும், ஆனா அலசின தூளு, அதுவும் மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம்.

உங்க கலவையைக் கொட்ட வேண்டாமுங்க. எல்லாப் பையையும் ஒரு தார்ப்பாயில கொட்டுங்க. பிஸ்கட்டுக் கட்டியெல்லாம் பொறுக்கித் தனியா ஊற வைங்க. மிச்சத்தைச் சாக்குல கட்டி, டிரம் தண்ணியில முக்கி ஒரு ராத்திரி விட்டு, காலையில தூக்கித் தொங்கப்போட்டு வடிய விடுங்க. மூணு தடவை. போர் தண்ணி உப்புன்னா கடைசித் தடவை மட்டுமாவது நல்ல தண்ணி. மழைத் தண்ணி கிடைச்சா யோகம். ரெண்டாவது முக்கலுக்கு டிரம்முல ரெண்டு கைப்பிடி ஜிப்சம் போட்டுக் கலக்கிவிடுங்க. தூளு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கும், வெறும் தண்ணிக்கு முழுசா விடாது. ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் உள்ள போய் அதைத் தள்ளிவிடும். சுண்ணாம்பு போட்டுடாதீங்க, காரம் ஏறிடும். தக்காளி அடிப்பக்கம் கறுத்து அழுகுதுன்னு இங்கே வாரம் ஒருத்தர் படம் போடறாங்களே, அதுக்கும் இந்தக் கால்சியம் பஞ்சம் ஒரு காரணம்.

அலசும்போது மண்புழு உரத்துச் சத்தும் போயிரும், அதனால மறுபடி போடணும். ஒரு பைக்கு என் கணக்கு: அலசின தூள் 6 லிட்டர், சலிச்ச செம்மண் 5, மக்கின எருவோ மண்புழு உரமோ 5, கருக்கின உமி 2. ரைஸ் மில் பாய்லர்ல வர்ற வெள்ளைச் சாம்பல் இல்லீங்க, கறுப்பா உமி வடிவம் மாறாம இருக்கறது. வேப்பம் புண்ணாக்கு 100 கிராம். உங்க கைப்பிடி சரிதான், ஆனா போட்ட அன்னைக்கே நாத்து நட்டது தப்பு. புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும். டிரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சாணப் பொடியை எருவோட கலந்து தூவி, எல்லாத்தையும் குமிச்சு, ஈரச் சாக்குப் போட்டு மூடி 15 நாள் நிழல்ல விடுங்க. நடுவுல ரெண்டு தடவை கிளறுங்க. வெள்ளையாப் பூஞ்சாணம் படர்ந்தா பயப்பட வேண்டாம்.

ஈரம் பார்க்கறதுக்கு: ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிங்க. விரலிடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா போதும். கையை விரிச்சா உருண்டை நிக்கணும், கட்டைவிரலால ஒரு தட்டு தட்டினா உதிரணும். உதிரலைன்னா மண்ணு அதிகம், உருண்டையே பிடிக்கலைன்னா தூள் அதிகம்.

கடைசியா, நாத்துக்கு முன்னாடி பச்சைப்பயறு. ரெண்டு தயிர் டப்பாவில அடியில ஓட்டை போட்டு, ஒண்ணுல உங்க கலவை, இன்னொண்ணுல மாமியார் டப்பா மண்ணு. பத்துப் பத்துப் பயறு. அஞ்சாம் நாள் பிடுங்கி வேரைப் பாருங்க. முளைச்சுதான்னு மட்டும் பார்த்தா ஏமாந்துருவீங்க, முளைக்கறதுக்குப் பயறுக்குள்ளயே சாப்பாடு இருக்கு. வேரு நுனிதான் உண்மையைச் சொல்லும்.

ரெடிமேட் மிக்ஸ் கேட்டீங்க. பாதிக்கு மேல தூளுதான் இருக்கும் பல பையில. வாங்கினாலும் இதே பயறு டெஸ்ட்டு.

பால்கனி மூணுக்கு ஆறு எழுதியது:

பஞ்சகவ்யத்தை வாபஸ் வாங்கிக்கறேன் 😄 அண்ணா, பழைய கலவையில் திரும்பத் தக்காளியே போடலாமா? எனக்குப் போன தடவை வேரில் மணி மணியா முடிச்சு இருந்தது.

நார்மில் பழனிச்சாமி எழுதியது:

அது நூற்புழு, வேருக்குள்ள புகுந்து முடிச்சு விழ வைக்கற குட்டிப் புழு. அந்தப் பையில தக்காளி, கத்தரி, மிளகாய் மூணுமே வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். ஒரு போகம் செண்டுமல்லி போட்டு, பூ முடிஞ்சதும் வேரோட மடக்கி உள்ளேயே போட்டுருங்க. முடிச்சு விழுந்த பழைய வேரை மட்டும் குப்பைக்கு. உரக்குழியில போட்டுறாதீங்க.

மடிப்பாக்கம் மொட்டைமாடி எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். இடுப்பு போச்சு.

தம்பிகிட்ட டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில் கரைஞ்ச உப்பை பிபிஎம் கணக்கில் காட்டறது) இருந்தது, வாங்கி வெச்சுப் பார்த்தேன். எங்க போர் தண்ணி 780. முதல் அலசல்ல வடிஞ்ச தண்ணி 3,100! ரெண்டாவது 1,650. மூணாவதுக்கு மாடித் தொட்டியில் பிடிச்சு வெச்ச மழைத் தண்ணி, 420க்கு வந்துடுச்சு. கலர் இன்னும் லேசா டீதான், ஆனா பால் நிறைய ஊத்தின டீ.

பயறு முதல் தடவை அலசாத கலவையில் போட்டேன், சும்மா வித்தியாசம் பார்க்கலாம்னு. பத்துல எட்டு முளைச்சது, ஆனா வேர் அரை விரல்கூட இல்லை, நுனி பழுப்பு. புதுக் கலவையில் பத்தும் முளைச்சது, வேர் வெள்ளை வெளேர்னு டப்பா அடி ஓட்டை வழியா வெளியே எட்டிப் பார்க்குது. மாமியார் மண்ணில் ஒம்பது. அந்த ஒண்ணு குறைஞ்சதை நான் சத்தம் போட்டுச் சொன்னேன். எலி தின்னிருக்கும்னாங்க.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை நாத்து நடறதா இருக்கு. ஒரு சந்தேகம் மட்டும்: அலசின தண்ணி ரெண்டு டிரம் அப்படியே நிக்குது. சாக்கடையில் விட மனசு வரலை. பின்னாடி ஒரு தென்னை இருக்கு, அதுக்கு ஊத்தலாமா, இல்லை அதையும் கொன்னுடுவேனா?

நார்மில் பழனிச்சாமி எழுதியது:

தாராளமா ஊத்துங்க. தென்னைக்குப் பொட்டாசியமும் குளோரைடும் வேணும். ஊர்ல குழிக்குக் கல்லுப்பு போடறதே அதுக்குத்தானே. கன்னா இருந்தா வேண்டாம், காய்க்கிற மரம்னா ஒரே நாள்ல கொட்டாம, நாலஞ்சு நாளாப் பிரிச்சு, தூரை விட்டு நாலு அடி தள்ளி ஊத்துங்க.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

மாமியார் தக்காளி காய்ச்சிட்டா?

மடிப்பாக்கம் மொட்டைமாடி எழுதியது:

நேத்து ரசம் அதுலதான் அண்ணாச்சி.