மாதக்கணக்கில் நின்ற ஸ்விஃப்ட்: டைமிங் பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பள்ளத்தூர் வீட்டார்

வணக்கம். 2021இல் வாங்கிய ஸ்விஃப்ட், பெட்ரோல், கையால் கியர் மாற்றும் வண்டி. பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது. நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறோம். முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணங்களுக்கும் ஊருக்கு வரும்போது நான் எடுப்பேன். மற்ற நாட்களில் அப்பச்சி காரைக்குடிக்குப் போய்வர எடுப்பார். அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததால் மாசி முதல் ஆடி வரை வண்டியை யாரும் தொடவில்லை.

இப்போது மூன்று தொல்லைகள். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து சில நொடிகள் கடகடவென்று சத்தம் வந்து அடங்குகிறது. நிற்கும்போது வண்டி குலுங்குகிறது, சிக்னலில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கைக்குத் தெரிகிறது. லிட்டருக்கு 20க்குக் குறையாமல் கொடுத்தது 14க்கு இறங்கிவிட்டது. மஞ்சள் இன்ஜின் விளக்கும் எரிகிறது.

பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் காட்டினோம். அறுவை சிகிச்சைக்கு முன்பு எண்ணெய் மாற்றியதும் அங்கேதான். "டைமிங் பெல்ட் தளர்ந்துவிட்டது, அறுந்தால் இன்ஜினே போய்விடும், 18,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். அப்பச்சி உடனே கொடுத்துவிடலாம் என்கிறார். ஆவணியில் தங்கையின் கல்யாண வேலை இருக்கிறது, வண்டி வேண்டும். கொடுக்கலாமா?

கோட்டையூர் ஓட்டுநர்

பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் ஒன்று சொல்லுங்கள்: அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறதா, மினுக்கு மினுக்கு என்று அணைந்து எரிகிறதா? மினுக்கினால் வண்டியை ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு முன்னால் இந்த 18,000 ஒன்றுமே இல்லை.

மைலேஜ் குறைந்ததற்கு இப்போது போடுகிற எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று நினைக்கிறேன். என் வண்டியிலும் குறைந்திருக்கிறது.

புதுவயல் மெக்கானிக்

அம்மா, உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட்டே, அதாவது இன்ஜின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டையே, கிடையாது.

2021 ஸ்விஃப்ட் என்றால் அதில் இருப்பது சுசுகியின் கே வரிசை இன்ஜின். இந்த வரிசை முழுவதும் அந்த வேலைக்கு உலோகச் செயின்தான். பெல்ட் இருந்தது அதற்கு முந்தைய தலைமுறையில். மாருதி 800, பழைய ஆல்டோவில் வந்த 796 சிசி எஃப்8டி, பழைய வேகன் ஆரின் 1061 சிசி எஃப்10டி, எஸ்டீமிலும் 2005இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலும் இருந்த 1298 சிசி ஜி13 எல்லாம் பெல்ட் இன்ஜின்கள். அவற்றில் பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். அந்த வண்டிகளிலேயே கைப்பழக்கம் பெற்றவர்கள் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் நிறையப் பேர் உண்டு. திறமையானவர்கள்தான். ஆனால் பானெட்டைத் திறந்ததும் எந்தக் குடும்பத்து இன்ஜின் என்று பார்க்காமல் கை வைத்தால் வாடிக்கையாளரின் பணம் வீணாகும். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கே வரிசை இங்கே 2008இல் ஏ-ஸ்டார் வண்டியோடு வந்தது. கே10பி, 998 சிசி, மூன்று சிலிண்டர். அடுத்த ஆண்டு ரிட்ஸில் நான்கு சிலிண்டர், 1197 சிசி கே12எம் வந்தது. அலுமினிய இன்ஜின் கட்டை, எடை குறைவு, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். பிறகு 2018இல் சியாஸில் 1462 சிசி கே15பி, 2022இல் எர்டிகா, பிரெஸ்ஸாவில் கே15சி என்று குடும்பம் பெருகியது. எழுத்து ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. கே10சி என்ற பெயரில் செலேரியோவில் சாதாரண இன்ஜினும் உண்டு, பலேனோ ஆர்எஸ், ஃப்ரான்க்ஸ் வண்டிகளில் டர்போ வைத்த இன்ஜினும் உண்டு. முன்னது பெட்ரோலை உள்ளிழுப்புக் குழாயில் தெளிக்கும். பின்னது சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தெளிக்கும். இரண்டுக்கும் வேலை செய்யும் முறையே வேறு.

உங்களுடைய வண்டியில்தான் இன்னொரு சிக்கல். 2021 பிப்ரவரியில் ஸ்விஃப்ட்டுக்கு இன்ஜினை மாற்றினார்கள். அதற்கு முன் 83 குதிரைத்திறன் கே12எம். அதன் பின் ஏறக்குறைய 90 குதிரைத்திறன் கே12என், அதைத்தான் டூயல்ஜெட் என்கிறார்கள். இரண்டும் 1197 சிசி, இரண்டும் நான்கு சிலிண்டர். ஆர்.சி. புத்தகத்தில் கொள்ளளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்ஜின் எண்ணின் முதல் எழுத்துகளைப் பாருங்கள், அங்கே இருக்கும்.

கே12எம் என்றால் பெட்ரோலைத் தெளிக்கச் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர். கே12என் என்றால் சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் எட்டு. குலுக்கலைத் தேடும்போது இது பெரிய வேறுபாடு.

கூடவே, பட்டறையில் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்பதைப் பில்லில் பார்த்துச் சொல்லுங்கள். காலைச் சத்தத்துக்கு எனக்கு அங்கேதான் சந்தேகம்.

பள்ளத்தூர் வீட்டார்

விளக்கு நிலையாகத்தான் எரிகிறது அண்ணா, மினுக்கவில்லை. இன்ஜின் எண் கே12என் என்று தொடங்குகிறது. பில்லில் 20டபிள்யூ-50 என்று இருக்கிறது. நான் கேட்டதற்கு "நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் தாங்கும்" என்றார்களாம், அப்பச்சி சொன்னார்.

புதுவயல் மெக்கானிக்

அதுதான். கே12என் இன்ஜினுக்கு 0டபிள்யூ-16, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய் ஊற்ற வேண்டும். உங்கள் வண்டிக் கையேட்டில் அச்சிட்டிருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

வெயிலுக்குக் கெட்டி எண்ணெய் என்பது பழைய இன்ஜின்களுக்குச் சரியாக இருந்தது. இதில் செயினை இறுக்கிப் பிடிப்பதே எண்ணெய் அழுத்தத்தால்தான். உள்ளிழுப்பு, வெளியேற்றம் இரண்டு பக்கத்து வால்வுகளையும் திறக்கும் கேம்ஷாஃப்டுகளை முன்பின் திருப்பி நேரம் மாற்றுவதும் அதே எண்ணெய்தான். அந்த வழிகள் மிகவும் நுண்ணியவை. இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் கீழே வடிந்திருக்கும். கெட்டி எண்ணெய் மேலே ஏறி, செயினை இறுக்கும் டென்ஷனரை நிரப்பச் சில நொடிகள் ஆகும். அதுவரை செயின் தளர்வாக ஆடி அடிக்கும். நீங்கள் கேட்ட கடகட இதுவாகத்தான் இருக்கும்.

எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். மாற்றிய பின்னும், இன்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையிலும் சத்தம் தொடர்ந்தால் மட்டும் செயின், டென்ஷனர் பக்கம் பார்க்கலாம். செயினுக்குக் காலக்கெடு வைத்து மாற்றுவதில்லை. எண்ணெயைக் கவனிக்காமல் விட்டால்தான் அது நீளும்.

குலுக்கல் வேறு கதை. வண்டிக் கணினியில் பதிவான கோளாறுக் குறிகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் எதையும் கழற்ற விடாதீர்கள்.

பாலிடெக்னிக் ஆசிரியர்

மோட்டார் வாகனப் பிரிவில் பாடம் நடத்துகிறேன். மெக்கானிக் ஐயா சொன்னது முழுவதும் சரி. ஓட்டுநர் ஐயா சொன்ன எத்தனால் காரணத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 20 விழுக்காடு கலந்த எரிபொருளில், கலப்பே இல்லாத பெட்ரோலைவிட ஆற்றல் 6 முதல் 7 விழுக்காடு குறையும். 20 கிலோமீட்டர் கொடுத்த வண்டி அந்தக் கணக்கில் 19க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 14க்கு இறங்காது. உங்கள் ஓட்டுநர் அனுபவம் பொய்யில்லை ஐயா, ஆனால் இந்த வண்டியின் இழப்பில் அது சிறு பங்குதான்.

பெட்ரோல் பழையதாகி நீர் பிரிந்திருந்தால் எல்லா சிலிண்டரும் திணறும், வண்டி ஸ்டார்ட் ஆவதே கடினம். நிற்கும்போது சீராகக் குலுங்குவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாததன் அடையாளம். தொட்டியில் புதுப் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், ஆனால் அதனால் மட்டும் தீரும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் கடைசி இலக்கம்தான் திணறும் சிலிண்டர். உதாரணமாக மூன்றாவது என்றால், அதன் காயிலைக் கழற்றி இரண்டாவதன் மேல் வையுங்கள், இரண்டாவதை மூன்றுக்கு மாற்றுங்கள். குறியை அழித்துவிட்டு ஓட்டுங்கள். குறி இரண்டுக்கு நகர்ந்தால் காயில் கெட்டது. நகராவிட்டால் பிளக், பிறகு இன்ஜெக்டரும் அதன் ஒயரும். புதிய உதிரிபாகம் எதுவும் வாங்காமல் இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

தேவகோட்டை ரஸ்தா

குறுக்கே ஒரு சந்தேகம். நான் போன ஆண்டு வாங்கிய புது ஸ்விஃப்ட்டும் நிற்கும்போது லேசாக அதிர்கிறது. 1197 சிசிதான். எனக்கும் இதே கோளாறா?

பாலிடெக்னிக் ஆசிரியர்

உங்களுடையது 2024 மே மாதம் வந்த இசட்12இ. கொள்ளளவு அதே 1197 சிசி, ஆனால் மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 82 குதிரைத்திறன். ஆர்.சி.யில் சிலிண்டர் எண்ணிக்கையைப் பாருங்கள், 3 என்றிருக்கும். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு ஆட்டம் சற்றுக் கூடுதல், அது அமைப்பிலேயே உள்ளது. விளக்கு எரியாமல், இழுவை குறையாமல் இருந்தால் கவலை வேண்டாம். நான்கு சிலிண்டர் கே12என் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

மின்கலப் பித்தர்

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் பக்கத்திலேயே வளர்ந்தவன், பேட்டரி என்றால் எனக்கு உயிர். யாரும் அதைக் கேட்கவில்லையே. அம்மா, உங்கள் வண்டியில் சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதி இருக்கும். அதற்கென்று தனி வகை ஈயப் பேட்டரி உண்டு. மாற்ற நேர்ந்தால் சாதாரணப் பேட்டரியைப் பொருத்தச் சம்மதிக்காதீர்கள், விரைவில் சாகும். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் கழித்து மின்னழுத்தத்தை அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் திரும்பாது. இனி நீண்ட நாள் நிறுத்தும்போது எதிர்முனையைக் கழற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயனில்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமே திரும்பாது. ஓட்டுவதானால் கானாடுகாத்தான் வரையாவது ஓட்டிவாருங்கள், இன்ஜினும் எண்ணெயும் முழுச் சூட்டுக்கு வரட்டும்.

பள்ளத்தூர் வீட்டார்

எல்லோருக்கும் நன்றி. காரைக்குடியில் ஸ்கேனர் வைத்திருக்கும் வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். பி0303 வந்தது. காயிலை மாற்றி வைத்தும் குறி மூன்றிலேயே நின்றது. பிளக் நன்றாக இருந்தது. பிறகு ஒயரைப் பின்தொடர்ந்து போனபோது மூன்றாவது சிலிண்டரின் இரண்டு இன்ஜெக்டர்களில் ஒன்றுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. முழுவதும் அறவில்லை, ஓரிரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டகையின் மறுபுறம்தான் நெல் மூட்டைகளை அடுக்கியிருந்தோம்.

ஒயரைச் சரிசெய்து உறை போட்டார்கள். எண்ணெயையும் ஃபில்டரையும் கையேட்டில் உள்ளபடி மாற்றினார்கள். குலுக்கல் உடனே நின்றது. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது கடகட சத்தமும் இல்லை. முழுச் செலவும் பெல்ட்டுக்குக் கேட்டதில் கால் பங்குகூட ஆகவில்லை. அப்பச்சி இப்போது வருகிறவர்களிடமெல்லாம் எட்டு இன்ஜெக்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு இன்ஜெக்டர் வேலை செய்யாவிட்டால் பெட்ரோல் மிச்சமாகத்தானே வேண்டும்? மைலேஜ் ஏன் குறைந்தது? எலிக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பாலிடெக்னிக் ஆசிரியர்

நல்ல கேள்வி. மூன்றாவது சிலிண்டருக்குப் பாதிப் பெட்ரோல்தான் போனது. அது சரியாக எரியவில்லை. உள்ளே போன காற்று அப்படியே வெளியேறியது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி அந்தக் காற்றைப் பார்த்து "கலவையில் பெட்ரோல் போதவில்லை" என்று கணினிக்குச் சொன்னது. கணினி எல்லா சிலிண்டருக்கும் சேர்த்துக் கூட்டி ஊற்றியது. நன்றாக இருந்த மூன்றும் தேவைக்கு மேல் குடித்தன, கெட்ட ஒன்று உழைக்கவில்லை. மைலேஜ் போன வழி அதுதான்.

புதுவயல் மெக்கானிக்

மகிழ்ச்சி அம்மா. எலிக்கு: முதலில் நெல் மூட்டைகளைக் கொட்டகையைவிட்டுத் தள்ளி வையுங்கள். வண்டி நிற்கும் நாட்களில் பானெட்டைத் தூக்கியே வையுங்கள். வெளிச்சமும் காற்றும் வந்தால் அது கூடு கட்டத் தயங்கும். இங்கே பலர் பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டுவார்கள். வாசம் போனதும் பயன் போய்விடும், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். சக்கரத்துக்கு மேலே உள்ள திறப்புகளுக்குத் துத்தநாகம் பூசிய கம்பி வலை அடிக்கலாம். சூடான பாகங்களிலும் சுழலும் பாகங்களிலும் படாமல் அடிக்க வேண்டும், பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

பழைய கெட்டி எண்ணெய் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும். அதனால் அடுத்த எண்ணெய் மாற்றத்தைக் கையேட்டில் சொன்ன தூரம் வரை இழுக்காமல், இந்த ஒருமுறை பாதித் தூரத்திலேயே செய்துவிடுங்கள். கல்யாண வேலைக்கு வண்டியைத் தாராளமாக எடுக்கலாம்.