ஃபேஸ்புக் விளம்பரம் போட்டு அஃபிலியேட் கமிஷன்: சீட்டுப் பணம் 25,000-ஐ இறக்கலாமா?

வீரவநல்லூர் பையன்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் வீரவநல்லூர். அம்பாசமுத்திரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, கவர் விற்பது, ரீசார்ஜ், அவ்வளவுதான். சம்பளம் 11,000. அம்மா பீடி சுற்றுகிறாள். போன வாரம் சீட்டு விழுந்து 25,000 கையில் இருக்கிறது.

டெலிகிராமில் ஒரு குரூப்பில் அஃபிலியேட் மார்க்கெட்டிங் கோர்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். கட்டணம் 4,999. இணையக் கடைகளின் பொருளுக்கு நம் லிங்கை எடுத்து, ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தினமும் 200 ரூபாய்க்கு விளம்பரம் போட்டால் மாதம் 30,000 கமிஷன் வரும் என்கிறார்கள். நாமே அந்தக் கோர்ஸை இன்னொருவரிடம் விற்றுக் கொடுத்தால் பாதிப் பணம் நமக்காம். சொல்லிக் கொடுப்பவர் காருக்கு முன்னால் நின்று பேசுகிறார், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் காட்டுகிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்குப் பிடிபடவில்லை. இதில் இறங்கியவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வெற்றிப் பாதை

நம்பிக்கை இருக்கிறவன் ஜெயிப்பான் ப்ரோ. யோசிக்கிறவன் கடைசி வரை டெம்பர் கிளாஸ்தான் ஒட்டிக்கொண்டிருப்பான். நான் மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன். விவரத்துக்கு இன்பாக்ஸ் வாங்க.

பாளை ஜெராக்ஸ் கடை

தம்பி, மேலே இன்பாக்ஸுக்குக் கூப்பிடுகிறவரிடம் ஒன்றே ஒன்று கேள். வந்த கமிஷனைக் காட்ட வேண்டாம், விளம்பரத்துக்குக் கட்டிய பில்லைக் காட்டச் சொல். வரவை எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். செலவை எடுத்தவனை நான் இதுவரை பார்த்ததில்லை, நான் உட்பட.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2021-இல் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் பூட்டிக் கிடந்தபோது கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பிடித்த கிறுக்கு இது.

அஃபிலியேட் என்பதைப் பெரிய வித்தை என்று நினைக்காதே. அமேசான் அதை 1996-லேயே தொடங்கிவிட்டது. நம் ஊரில் அதற்கும் முன்னாலேயே உண்டு, தரகு என்பார்கள். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய்ப் பார். ஆடு தரகருடையது இல்லை, வாங்குகிறவரும் அவருக்குச் சொந்தம் இல்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, விலை படிந்தால் அவருக்குத் தரகு. ஆனால் எந்தத் தரகராவது சந்தைக்கு வருகிற அத்தனை பேருக்கும் கைக்காசில் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுப்பாரா? விளம்பரம் போட்டு அஃபிலியேட் செய்கிறவன் அதைத்தான் செய்கிறான். ஒவ்வொரு க்ளிக்கும் ஒரு டிக்கெட்.

நான் எத்தனை டிக்கெட் எடுத்தேன் தெரியுமா? ஐப்பசி மழை, ஊரெல்லாம் கொசு. கொசு அடிக்கிற பேட் ஓடும் என்று கணக்குப் போட்டேன். ஓர் இணையக் கடையில் விலை 449, கமிஷன் 6 சதவீதம், அதாவது 27 ரூபாய். ஃபேஸ்புக்கில் நாளைக்கு 250 ரூபாய் விளம்பரம். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதைக் கோர்ஸ்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக நாளைக்கு 295. ஒன்பது நாள் ஓட்டினேன், மொத்தம் 2,655.

க்ளிக் 750 வந்தது. அதைப் பார்த்துத் தலைகால் புரியாமல் அன்று சாயங்காலம் வீட்டுக்கு அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆர்டர் 11. அதில் இரண்டு பேர் பேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், திருப்பினால் கமிஷனும் போய்விடும். மிச்சம் ஒன்பது, 243 ரூபாய். நஷ்டம் 2,412.

இதைத் திருப்பிப் போட்டுப் பார். ஒரு பேட் விற்க எனக்கு 295 ரூபாய் ஆகியிருக்கிறது, கிடைத்ததோ 27. ஒரு க்ளிக் எனக்குக் கொடுத்தது 32 காசு, அதற்கு நான் கொடுத்தது 3 ரூபாய் 54 காசு. விளம்பரத்தை இன்னும் அழகாகப் போட்டிருக்கலாமே என்பாய். எவ்வளவு அழகாகப் போட்டாலும் பதினோரு மடங்கு வித்தியாசத்தை எங்கே போய் அடைப்பது?

அப்புறம்தான் ஏன் இப்படி ஆனது என்று உட்கார்ந்து பார்த்தேன். முதல் தப்பு, நான் கேட்டது க்ளிக். ஃபேஸ்புக்காரன் யோக்கியமாக க்ளிக் பண்ணுகிறவர்களாகப் பார்த்துக் கொண்டுவந்து கொட்டினான். வாங்குகிறவர்கள் வேண்டும் என்றால் யார் வாங்கினார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிக்ஸல் என்று ஒரு சின்ன நிரல் துண்டை, பொருளை விற்கிற இணையதளத்தில் வைக்க வேண்டும். கடை நம்முடையதா? இல்லை. அடுத்தவன் கடையில் நாம் எப்படி வைப்பது? ஆகவே விளம்பரம் கடைசி வரை கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓடும். ஒரு வாரத்தில் சுமார் 50 விற்பனை காட்டினால்தான் அந்த எந்திரம் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. என் விலைக்கு 50 விற்பனை என்றால் வாரம் 14,750 ரூபாய். நீ 200 ரூபாயை வைத்துக்கொண்டு நிற்கிறாய்.

இரண்டாவது, வெளி ஆப்களிலும் கேம்களிலும் விளம்பரத்தைக் காட்டுகிற ஆடியன்ஸ் நெட்வொர்க் என்ற கட்டத்தில் இருந்த டிக்கை நான் எடுக்கவில்லை. கேம் விளையாடுகிற பிள்ளைகளின் கைவிரல் தவறிப் பட்டதெல்லாம் என் கணக்கில் க்ளிக் ஆனது. மூன்றாவதை எதிரே இருக்கிற டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஃபேஸ்புக்கில் லிங்கை அழுத்தினால் அது ஃபேஸ்புக்குக்கு உள்ளேயே ஒரு சின்ன ஜன்னலில் திறக்கும். அங்கே போன் நம்பர் கொடு, ஓடிபி கொடு என்று கேட்கும். அவர் சலித்துப்போய் அதை மூடிவிட்டு, போனில் இருக்கிற கடையின் ஆப்பைத் திறந்து அதே பேட்டை வாங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. "அண்ணாச்சி, உங்க விளம்பரம் பார்த்துதான் வாங்கினேன்" என்று பேட்டைக் கொண்டுவந்து வேறு காட்டினார்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு அக்கா ஆதார் நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், மாப்பிள்ளை பெண் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு வெளியூரில் ஆள் பிடித்துக் கொடுத்தால் 12 சதவீதம் தருவதாகச் சொன்னார். விலை 3,200, கமிஷன் 384. எழுத்தில் ஒன்றும் இல்லை, ஒரு நோட்டில் குறித்துக்கொள்வோம்.

இந்த முறை க்ளிக் கேட்கவில்லை. அழுத்தினால் நேராக வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்குகிற மாதிரி விளம்பரம். சென்னை, கோவை, பெங்களூர் மட்டும். 1,500 ரூபாய், வரியோடு 1,770. பேச வந்தவர்கள் 59 பேர், வாங்கியவர்கள் 7 பேர். கமிஷன் 2,688. கையில் நின்றது 918 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த 59 பேரின் நம்பர் என்னிடம் இருந்தது. கொசு பேட் வாங்கியவர்கள் யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அந்த ஏழு பேரில் இருவர் சொல்லி, விளம்பரச் செலவே இல்லாமல் மூன்று பாய் போனது.

இப்போதும் செய்கிறேன். தை, வைகாசி, ஆவணி என்றால் விளம்பரம் ஓடும், ஆடியும் மார்கழியும் வந்தால் நிறுத்திவிடுவேன். நல்ல மாதத்தில் நாலைந்தாயிரம் நிற்கும். அதற்கு மேல் ஓட்டவும் முடியாது. கோரையை ஊறவைத்து, கீறி, சாயம் ஏற்றி, பிறகுதான் தறிக்கே வரும். பாய் இல்லாமல் விளம்பரம் போட்டு என்ன செய்வது?

அந்தக் கோர்ஸ் விஷயம். நீ வாங்கிய கோர்ஸையே இன்னொருவருக்கு விற்றால் பாதிக் காசு என்கிறார்களே, அங்கேதான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது. கொசு பேட்டில் கிடைக்காத கமிஷன் அதில் கிடைக்கும், உன் கூட்டாளிகளின் பாக்கெட்டிலிருந்து. ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிடு திட்டங்களை 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன. இன்னொன்று, அதே டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, முதலில் கொஞ்சம் கட்டு என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதே. கட்டி ஏமாந்தவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது பேங்க் ஸ்டேட்மென்ட் நகல் எடுக்க என் கடைக்கு வருகிறார்கள். ஏமாந்த உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போட்டவர்களுக்குத்தான் பணத்தை முடக்கி மீட்க வழி இருக்கிறது. பெரும்பாலும் நாலு நாள் கழித்துத்தான் வருகிறார்கள், வீட்டில் சொல்லப் பயந்து. அதனால் நீ முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு.

முக்கூடல் அடுப்படி

அண்ணாச்சி சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் விளம்பரமே வீண் என்று தம்பி எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டால்தான் வீண்.

நான் சமையல் ரீல்ஸ் போடுகிறேன், மூன்று வருஷம் ஆகிறது. முதல் எட்டு மாதம் ஒரு பைசா வரவில்லை. அமேசானில் சேர்ந்தால் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது காட்ட வேண்டும், இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். எனக்கு அந்த மூன்றே திணறித்தான் வந்தது. லிங்கை அழுத்தியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கவோ கூடையில் போடவோ வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நமக்கு இல்லை. நம் லிங்கில் நாமே வாங்கவும் கூடாது.

ஒரு நாள் மாக்கல் சட்டியைப் பழக்குவது எப்படி என்று ஒரு ரீல். மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி வைத்து, அப்புறம் தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றி ஊற்றி, கடைசியில் அதிலேயே சொதி வைத்துக் காட்டினேன். சட்டியை விற்க வேண்டும் என்று எடுக்கவே இல்லை. எங்கே வாங்கினீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டதால் லிங்க் போட்டேன். விலை 1,100, கமிஷன் 88. விளம்பரம் இல்லாமலேயே 61 சட்டி போனது. அதன் பிறகுதான் 600 ரூபாய் போட்டேன், அதுவும் என் வீடியோக்களை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லி. வரியோடு 708. இன்னும் 17 ஆர்டர், 1,496 ரூபாய்.

புது ரீலுக்கு நான் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன். சும்மா ஓடாத ரீல் காசு கொடுத்தாலும் ஓடாது.

லிங்க் போடும்போது இதில் எனக்குக் கமிஷன் வரும் என்று எழுதிவிடுங்கள். 2023 ஜனவரியிலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதைச் சொல்லிவிட்டது. தவறான விளம்பரம் என்று ஆகிவிட்டால் அபராதம் 10 லட்சம் வரை போகும். நான் எழுத ஆரம்பித்த பிறகு விற்பனை குறையவில்லை. கமிஷன் விகிதம் நம் கையில் இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் வீட்டுச் சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அதை நம்பி ஆள் வைத்து நடத்தியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

கணக்குப்பிள்ளை

வரி பற்றி யாரும் சொல்லவில்லை. கமிஷன் வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் கொடுக்கிற நிறுவனம் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தரும். 2024 அக்டோபர் முதல் தேதி இந்தப் பிடித்தம் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். உங்கள் வருமானத்துக்கு வரியே வராது என்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். விளம்பர பில்லையெல்லாம் எடுத்து வையுங்கள், அது செலவுக் கணக்கில் வரும்.

வீரவநல்லூர் பையன்

எல்லாருக்கும் நன்றி. வெற்றிப் பாதை அண்ணனிடம் இன்பாக்ஸில் விளம்பர பில் கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் திட்டினாள், அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். காருகுறிச்சியில் என் சித்தப்பா மண்பானை, சட்டி செய்கிறார். முக்கூடல் அக்கா சொன்ன மாதிரி சட்டி பழக்குவதை வீடியோ எடுத்துப் போடலாம், கடையில் நல்ல கேமரா போன் இருக்கிறது, முதலாளி கொடுப்பார். சித்தப்பா 15 சதவீதம் தருகிறேன் என்கிறார். பயம் ஒன்றுதான். மண்சட்டியை வெளியூருக்கு அனுப்பினால் உடையாமல் போய்ச் சேருமா? உடைந்தால் நஷ்டம் யாருக்கு?

பாளை ஜெராக்ஸ் கடை

உடைந்தால் நஷ்டம் உனக்குத்தான், சித்தப்பாவுக்கு இல்லை. அதை முதலிலேயே பேசி முடித்துக்கொள், பிறகு சொந்தத்துக்குள் மனஸ்தாபம் வேண்டாம்.

விளம்பரத்தை இப்போது மற. மூன்று சட்டி எடு. உள்ளே வைக்கோலைத் திணி, சுற்றிலும் பழைய பேப்பர், ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, இரண்டுக்கும் நடுவிலும் வைக்கோல். சென்னையில் தெரிந்தவர் யாராவது இருந்தால் கூரியரில் அனுப்பிவிட்டு, பிரிப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல். மூன்றில் எத்தனை முழுசாகப் போகிறது என்று பார். கூரியர் கட்டணம் சட்டி விலையைத் தாண்டினால் வெளியூரை விட்டுவிட்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிக்கு மட்டும் போடு.

வைக்கோல் வேண்டுமென்றால் அறுப்பு முடிந்த கையோடு எடுத்து வை. கோடையில் அதற்கும் விலை சொல்வார்கள்.