வீட்டு குரூப்: பெரியப்பா லேப்டாப்

பெரியப்பா: லேப்டாப் ஆன் பண்ணா நீலக் கலர்ல ஏதோ வருது. அணைச்சுப் போட்டாலும் அதேதான். வீட்டுப் பத்திரம் ஸ்கேன் பண்ணதெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.

தங்கச்சி: (போட்டோ) "இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்"னு இருக்கு, விண்டோஸ் இருக்கற டிஸ்க்கைத் திறக்க முடியலயாம்

சித்தப்பா: விண்டோஸ் 11 ஏத்திடலாம் அண்ணே. 10-க்கு 2025 அக்டோபர் 14-லயே சப்போர்ட் முடிஞ்சாச்சு

அத்தை: யாரும் எதையும் ஏத்தாதீங்க!!

அண்ணா: அத்தை சொல்றதுதான் சரி. முதல்ல ஃபைலை வெளிய எடுக்கணும், விண்டோஸ் அப்புறம். பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலா ஓடற இன்னொரு சிஸ்டம்) போட்டு அதுலேர்ந்து பூட் பண்ணா, அதாவது லேப்டாப்பை ஆரம்பிச்சா, உள்ள எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே டிஸ்க்கைத் திறந்து பார்க்கலாம். பெரியப்பா மெஷின் சரியா அணையாததால டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் விடலாம். காப்பி எடுக்க அது போதும். பூட் பண்ண ஒரு பென்டிரைவ், காப்பி எடுக்க தனியா ஒரு டிஸ்க், ரெண்டும் வேணும்.

பெரியம்மா: வெள்ளை பென்டிரைவ் தம்பிகிட்ட இருக்கு. வாங்கிட்டுப் போய் ஆறு மாசமாச்சு

சித்தப்பா: தர்றேன் அண்ணி. 32 ஜிபி

அத்தை: அதுலதான பாப்பா டான்ஸ் வீடியோ

அண்ணா: அப்ப வீடியோவை முதல்ல வேற இடத்துல காப்பி பண்ணுங்க. பூட் பென்டிரைவ் தயார் பண்ற சாஃப்ட்வேர் ரூஃபஸ், எட்சர், வென்டாய் எது போட்டாலும் முதல் தடவை பென்டிரைவ்ல இருக்கறது முழுசா அழிஞ்சிடும்.

தங்கச்சி: மூணுல எது

அண்ணா: வென்டாய். நமக்கு மின்ட்டும் வேணும், பின்னால விண்டோஸும் வேணும். ரூஃபஸ்ல ஒரு நேரத்துக்கு ஒரு ஐஎஸ்ஓதான் (மின்ட், விண்டோஸெல்லாம் இப்படி ஒரே ஃபைலா டவுன்லோட் ஆகும், அதுதான் ஐஎஸ்ஓ). வென்டாயை ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டா, ஐஎஸ்ஓக்களை சாதா ஃபைல் மாதிரி உள்ள போட்டா போதும், பூட் ஆகும்போது லிஸ்ட் காட்டும். மீதி இடத்துல வீடியோவும் வச்சுக்கலாம் அத்தை.

சித்தப்பா: எட்சர் என்கிட்ட ஏற்கெனவே இருக்கு

அண்ணா: எட்சர் ஐஎஸ்ஓவை அப்படியே பைட் பைட்டா எழுதும். லினக்ஸ் ஐஎஸ்ஓ பெரும்பாலும் அதுக்குத் தோதா செஞ்சிருப்பாங்க, ஓடிடும். விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படி இல்ல, எழுதி முடிஞ்சாலும் பூட் ஆகாது. கையால காப்பி பண்ணவும் வழியில்ல. உள்ள இருக்கற இன்ஸ்டால்.விம்-ங்கற ஃபைல் இப்பல்லாம் 4 ஜிபியைத் தாண்டிடுது, பூட் பென்டிரைவ்ல வழக்கமா இருக்கற ஃபேட்32 ஃபார்மட்ல ஒரு ஃபைல் அந்த அளவுக்கு மேல போகாது.

அத்தை: எந்த டிரைவ்னு பார்த்து அழுத்தச் சொல்லு. என் ஹார்ட் டிஸ்க் போனது அப்படித்தான்

சித்தப்பா: எத்தனை வருஷம் சொல்வீங்க அக்கா

அண்ணா: அத்தை சொல்றது முக்கியம். ரூஃபஸ் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைத் தானா காட்டாது. "லிஸ்ட் யுஎஸ்பி ஹார்ட் டிரைவ்ஸ்"ஸை டிக் பண்ணாத்தான் காட்டும். அதைத் தொடாதீங்க. தங்கச்சி, நீ வென்டாய் திறக்கறதுக்கு முன்னாடி வேற எல்லா டிஸ்க்கையும் கழட்டிடு. 32 ஜிபி-ன்னு சைஸைப் பார்த்துட்டு இன்ஸ்டால் அழுத்து. ரெண்டு தடவை "ஷூரா"ன்னு கேக்கும்.

தங்கச்சி: சரிண்ணா

அண்ணா: ஐஎஸ்ஓ காப்பி 100 சதவீதம் காட்டினதும் பிடுங்காதே. பென்டிரைவ் லைட் மின்னிட்டே இருக்கும், இன்னும் எழுதிட்டிருக்குன்னு அர்த்தம். "எஜெக்ட்" குடுத்துட்டுத்தான் எடுக்கணும். பாதி ஐஎஸ்ஓன்னாலும் மெனுல பேர் வரும், தேர்ந்தெடுத்தா நடுவுல நின்னுடும். அப்புறம் பென்டிரைவ் கெட்டுடுச்சுன்னு நினைப்போம்.

பெரியம்மா: ஞாயித்துக்கிழமை யார் யார் வர்றீங்க?

அத்தை: நான் வர்றேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்ல

பெரியப்பா: பென்டிரைவ் சொருகினா தானா வருமா

அண்ணா: வராது பெரியப்பா. டெல், லெனோவோன்னா ஆன் பண்ண உடனே எஃப்12-ஐத் தட்டிக்கிட்டே இருங்க. ஹெச்பி-ன்னா எஃப்9. வர்ற லிஸ்ட்ல பென்டிரைவைத் தேர்ந்தெடுங்க. முதல் தடவை "செக்யூரிட்டி வயலேஷன்"னு வரலாம், பயப்படாதீங்க. ஓகே குடுத்து "என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்", அதுல "விடிஓஒய்இஎஃப்ஐ", அதுக்குள்ள "என்ரோல் திஸ் கீ"ன்னு ஆரம்பிக்கற ஃபைல். அப்புறம் கன்டின்யூ, யெஸ், ரீபூட். ஒரு மெஷினுக்கு ஒரே தடவைதான்.

சித்தப்பா: தெரியாத சிஸ்டம் பூட் ஆகாம தடுக்கற செக்யூர் பூட் செட்டிங்கையே ஆஃப் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது

அண்ணா: வேண்டாம் சித்தப்பா. டிஸ்க்குக்கு பிட்லாக்கர் பூட்டு இருந்தா, செக்யூர் பூட் செட்டிங்கை மாத்தின உடனே 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். பூட்டு இருந்தா மின்ட்லயும் அந்த கீ இல்லாம டிஸ்க் திறக்காது. பெரியப்பா, கீ பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். தங்கச்சி லேப்டாப்ல லாகின் பண்ணிப் பாருங்க.

பெரியப்பா: எந்த மெயில்ல போட்டேன்னு தெரியலயே

பெரியம்மா: பாஸ்வேர்டெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்

சித்தப்பா: ஃபைலை எடுத்தப்புறமாவது 11 போடலாமா?

அண்ணா: அந்த மெஷின்ல டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேக்கற செக்யூரிட்டி சிப்) இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன். இல்லன்னா ரூஃபஸ்ல ஸ்டார்ட் அழுத்தினதும் ஒரு பெட்டி வரும், டிபிஎம், செக்யூர் பூட், 4 ஜிபி ராம் தேவையை அதுல எடுத்துவிடலாம். ரொம்பப் பழைய ப்ராசசர்னா விண்டோஸ் 11-ஓட 24ஹெச்2 பதிப்பு அப்பவும் ஓடாது. அதனால இப்ப முடிவு பண்ண வேண்டாம்.

தங்கச்சி: சித்தப்பா பென்டிரைவ் எப்ப வரும்

சித்தப்பா: வீடியோ காப்பி ஆகட்டும்

அத்தை: எனக்கும் அனுப்பு அதை

தங்கச்சி: பெரியம்மா, நீல நோட்டா பச்சை நோட்டா? ரெண்டுலயும் இல்ல